பதினோரு மணி வரை சனிக்கிழமை

வில்காராவின் சிறந்த குடிமகன் என்று நாங்கள் வெள்ளிக் கோப்பை கொடுத்த மனிதர் இந்த நாட்டுக் குடிமகனே இல்லை. அது எங்களுக்குப் பதினாறு வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. கோப்பையில் பெயர் பொறிக்கக் கொடுத்தவள் நான். நகராட்சியில் விழாக்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்பதால் இந்த வெட்கத்தில் பெரும்பங்கு எனக்குத்தான்.

அவர் ஃபின்லே மெக்காலே. எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு முப்பது வருஷம் தலைவராக இருந்தவர். இருபத்திரண்டு வயதில் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலிருந்து புறப்பட்டு வந்தார். இப்போது எழுபத்து நான்கு. அத்தனை வருஷமும் ஊர் திரும்பாமல் இருந்துவிட்டு, அக்காவைப் பார்க்கவேண்டும் என்று திடீரென ஆசை வந்து பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டார். பதில் வந்த அன்று அந்தக் காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"கிளெனிஸ், நான் ஆஸ்திரேலியன் இல்லையாம்."

"யார் சொன்னது?"

"ஆஸ்திரேலியாதான் சொல்லுது. நான் எல்லாத் தேர்தல்லயும் ஓட்டுப் போட்டிருக்கேன்!"

பழைய பிரிட்டிஷ்காரர்களுக்கு அப்படி ஒரு சலுகை உண்டு என்பதைப் படித்துச் சொன்னேன். அவர் மனைவி நோரீன், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், வாசலிலேயே நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ், நாற்பத்தாறு வருஷமா ஒரு வெளிநாட்டுக்காரன்கூடவா குடும்பம் நடத்தியிருக்கேன்? எங்கம்மா அப்பவே சொன்னா."

மனு கொடுத்தோம். அனுமதியும் வந்தது. உறுதிமொழி எடுக்கும் விழா ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26 என்று எழுதி, வழக்கமாக எல்லோருக்கும் அனுப்பும் கடிதத்தை அவருக்கும் அனுப்பினேன். அதில் கடைசி வரி இது: 'விரும்புகிறவர்கள் தங்கள் வேதப் புத்தகத்தைக் கொண்டுவந்து அதன்மேல் கை வைத்து உறுதிமொழி எடுக்கலாம்.' அந்த ஒற்றை வரிதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

ஃபின்லே அந்தக் கடிதத்தை அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறார். டோலினா அக்காவுக்கு எண்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பா கட்டிய வீட்டில் செம்மறியாடுகளோடு இருப்பவர். கடைசி வரியைக் கேட்டதும், "நீ இங்க வர வேணாம். நான் அங்க வர்றேன். நம்ம வீட்டுப் புத்தகத்தை நானே கொண்டு வர்றேன். எவனோ வச்சிருக்கிற புத்தகத்துல நம்ம குடும்பத்தான் எவனும் கை வச்சதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

சொன்னபடியே வந்தார். நான் அவரை முதலில் பார்த்தது விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை. வெளியே நாற்பத்தொரு டிகிரி வெயில். அவர் மேலே கறுப்புக் கம்பளிக் கோட்டு, கையில் கம்பளத்தில் சுற்றிய ஒரு மூட்டை. பின்னால் ஃபின்லேயும் நோரீனும் குற்றம் செய்த பிள்ளைகள்போல வந்தார்கள். டோலினா மூட்டையை என் மேஜைமேல் இறக்கினார். மேஜை முனகியது.

"நீதான் இந்த விழாவை நடத்துறவளா?"

"ஆமாங்க."

"இருபத்தாறாம் தேதி என்ன கிழமை?"

நான் ஃபின்லேயைப் பார்த்தேன். அவர் கூரை மின்விசிறியைப் பார்த்தார்.

"ஞாயிறு" என்றேன்.

"இவன் எங்கிட்ட தேதியை மட்டும்தான் சொன்னான். இவங்க வீட்டு ஐஸ்பெட்டியில ஒட்டியிருக்கிற காலண்டரைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். ஓய்வுநாள்ல இந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போய், கொடியும் பலூனும் கட்டின இடத்துல வச்சு, சர்க்கார் காரியம் பண்ணணுமாம்!"

லூயிஸ் தீவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்பதை நோரீன் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். அன்று துணி காயப் போடமாட்டார்கள். பிள்ளைகள் விளையாடும் ஊஞ்சலைச் சங்கிலி போட்டுக் கட்டிவைப்பார்கள். உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே தோல் சீவி வைத்துவிடுவார்கள்.

"தேதியை மாத்த முடியாதா?" என்று கேட்டார் டோலினா.

"முடியாதுங்க. எங்க நகராட்சியில எப்பவும் இந்தத் தேதியிலதான். அடுத்தது செப்டம்பர்ல."

"நான் பிப்ரவரி நாலாம் தேதி போயிடுவேன்."

"அக்கா, புத்தகமே இல்லாமலும் எடுக்கலாம். கடவுள் பேரைச் சொல்லாத உறுதிமொழியும் ஒண்ணு இருக்கு" என்று ஃபின்லே மெல்ல இழுத்தார்.

டோலினா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கம்பளத்தைப் பிரித்து, அந்தப் பெரிய பைபிளின் முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் தள்ளினார். அந்தத் தீவின் கேலிக் மொழியில், பழுப்பு மையில், நூற்றைம்பது வருஷத்துப் பிறப்பும் இறப்பும் வரிசையாக இருந்தன. நடுவில் ஃபின்லேயின் பெயர். பக்கத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு சிறு வரி.

"என்ன எழுதியிருக்கு?"

"'ஞாயிற்றுக்கிழமை போனான்'னு இருக்கு. எங்கப்பா கையெழுத்து" என்றார் டோலினா. "ஹெர்ரிங் மீன் பிடிக்கிற படகு ஒண்ணு கிளாஸ்கோ பக்கம் போகுதுன்னு ஓய்வுநாள்ல ஏறிட்டான். திங்கக்கிழமை வரைக்கும் இவனுக்குப் பொறுக்கல."

"படகு திங்கக்கிழமை வரைக்கும் நிக்கல அக்கா!"

"ஞாயித்துக்கிழமை ஓடிப் போனவன், அதே புத்தகத்துமேல ஞாயித்துக்கிழமை சத்தியமும் பண்ணினா அப்பா கல்லறையிலேயே எழுந்து உட்காருவாரு."

 எரியும் கொட்டகைக்குள் தயங்காமல் நுழைந்தவர் என்று ஊரே சொல்லும் மனிதர் ஃபின்லே. அன்றைக்கு என் அலுவலக நாற்காலியில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புத்தகம் இல்லாமலே விழாவுக்குப் போவது என்று முடிவாயிற்று. போகும்போது அவர் மட்டும் பின்தங்கி, "பரவாயில்ல கிளெனிஸ், வெறும் புத்தகம்தானே" என்றார். 

மறுநாள் காலை எட்டேகாலுக்கு நோரீன் தொலைபேசியில் கத்தினார்.

"கிளெனிஸ்! விழா எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு."

"உறுதிமொழி எப்போ முடியும்?"

"டெஸ் பேசி முடிச்சப்புறம். எப்படியும் பதினொண்ணே கால் ஆகும். ஏன்?"

"பதினொண்ணுக்கு முன்னாடி முடியணும். முடிச்சே ஆகணும்."

நடந்தது இதுதான். காலையில் டோலினா சமையலறையில் உட்கார்ந்து இரவு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாராம். "காலையில ஏன் அண்ணி இரவு ஜெபம்?" என்று நோரீன் கேட்க, டோலினா மணிக்கட்டை நீட்டிக் காட்டியிருக்கிறார். ஆண்கள் கட்டும் பழைய கடிகாரம். அதில் மணி வேறு. "இது எங்கப்பா கட்டியிருந்தது. இவ்வளவு தூரம் வந்ததுக்காக இதைத் திருப்ப எனக்கு மனசு வரல. இப்ப எங்க ஊர்ல வெள்ளிக்கிழமை ராத்திரி."

நோரீன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பதினோரு மணி நேர வித்தியாசம். நம்முடைய ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்பது அங்கே சனிக்கிழமை இரவு பதினொன்று.

"அண்ணி! நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் உங்க ஊர்ல சனிக்கிழமைதானே?"

டோலினா நீண்ட நேரம் நோரீனை முறைத்துப் பார்த்தாராம். கண்டிப்பான புராட்டஸ்டண்டான அவர், கத்தோலிக்கப் பெண் ஒருத்தி ஓய்வுநாளைப் பற்றி யோசனை சொல்வதை அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு எழுந்துபோய் தீவிலுள்ள தன் போதகரையே தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். அங்கே அப்போது இரவு ஒன்பது. போதகர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"டோலினா, அந்தப் புத்தகம் எந்த ஊர்ப் புத்தகம்?"

"நம்ம ஊர்ப் புத்தகம்."

"அப்போ அதுக்கு நம்ம ஊர் நேரம்தான். ஆனா பன்னிரண்டு அடிச்சப்புறம் ஒரு நிமிஷம்கூடக் கூடாது."

எங்கள் மேயர் டெஸ் கொலிகனைத் தெரிந்தவர்களுக்கு இனி வரப்போகும் தொல்லை புரிந்திருக்கும். நல்ல மனிதர். ஆனால் ஒலிபெருக்கியைக் கண்டால் கை விடாது. அந்த வருஷப் பேச்சு பதினொரு பக்கம். தட்டச்சு செய்தவள் நான்தான். அன்று மதியமே அவர் வீட்டுக்குப் போய், உறுதிமொழியை முதலில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"அது முடிஞ்சா எல்லாரும் சாசேஜ் சுடுற இடத்துக்கு ஓடிடுவாங்க. என் பேச்சை யாரு, நாற்காலியா கேட்கும்?"

"ஒரு குடும்பத்துக்கு ஓய்வுநாள் பிரச்சினை, டெஸ்."

"பத்து நிமிஷத்துல முடிச்சிடறேன், போ."

அவர் பத்து நிமிஷம் என்றால் முப்பது நிமிஷம். வீட்டுக்கு வந்து, அவருக்குக் கொடுக்க நான் வைத்திருந்த பேச்சு ஃபைலை எடுத்து நான்காம் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கம்வரை உருவிவிட்டேன். மிச்சத்தை ஒழுங்காக அடுக்கி வைத்தேன்.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்துவிட்டது. உறுதிமொழி எடுப்பவர்கள் ஏழு பேர். கடவுள் பெயரால் எடுப்பவர்கள் ஐந்து பேர் முதல் வரிசையில் இருந்தார்கள். நேபாளத்துச் சமையல்காரர் ஒருவர் சட்டைப் பையில் உள்ளங்கை அளவு கீதை வைத்திருந்தார். பிலிப்பைன்ஸ் நர்ஸ் அம்மாவின் மடியில் வெள்ளைப் பைபிள். அவர்கள் பக்கத்தில் டோலினா மடியில் எங்கள் தபால் பெட்டி அளவுக்கு ஒரு புத்தகத்தோடு, கோட்டின் கையை மேலே சுருட்டிக் கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒலிபெருக்கி ஆறு நிமிஷம் வேலை செய்யவில்லை.

முதலில் பேசவேண்டியவர் ஊரே அத்தை என்று கூப்பிடும் லோர்னா. இந்த மண்ணின் பழங்குடி மூத்தவர் என்ற முறையில் வரவேற்புரை அவருடையது. அவரிடம் போய்க் காதோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் டோலினாவை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தத் தேதி எனக்கும்தான் ஆகாது. வெள்ளைக்காரன் கப்பல்ல வந்து எங்க மண்ணுல இறங்கின நாள். எனக்கு யாரும் நேரத்தை மாத்திக் கொடுக்கல" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு என் கையைத் தட்டினார். "போடி, பயப்படாத. நாங்க இங்க எத்தனையோ ஆயிரம் வருஷமா இருக்கோம். அதை ரெண்டு நிமிஷத்துல சொல்லிடறேன்."

சொன்னபடியே இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடினார்கள். பத்து பதினைந்துக்கு டெஸ் எழுந்தார்.

மூன்று பக்கம் பிசகில்லாமல் போயிற்று. "அந்த முதல் குடும்பங்கள் மாட்டுவண்டியில் வந்து, இந்த ஆற்றங்கரையில் இறங்கி, கண்ணீர் மல்க வானத்தைப் பார்த்தபோது" என்று உருகிப் பேசிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார். "நான்கு புதிய கழிப்பறைகள் கட்டித் திறந்து வைக்கப்பட்டன."

சபை கைதட்டியது. பின் வரிசையில் யாரோ விசில்கூட அடித்தார்கள். டெஸ் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். என்னைப் பார்த்தார். நான் கொடியைப் பார்த்தேன். நான் நினைக்காத ஒன்று அப்போதுதான் நடந்தது. அவர் ஃபைலை மூடிவிட்டார்.

"காகிதம் எதுக்கு? மனசுலேர்ந்தே பேசறேன்!"

அந்த மனதில் எத்தனை பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் அப்பாவின் கோதுமை, எழுபத்து நான்காம் வருஷ வெள்ளம், கால்பந்துக் குழு கோப்பையைத் தவறவிட்ட கதை எல்லாம் வந்தன. மணி பத்து நாற்பத்தொன்று. நோரீன் எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். ஃபின்லே கண்ணை மூடிவிட்டார்.

டோலினா எழுந்தார். புத்தகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, படிகளில் ஒவ்வொன்றாக ஏறி, மேடையில் டெஸ்ஸுக்கு எதிரே போய் நின்றார்.

"அம்மா, இன்னும் நேரம் இருக்கு. உட்காருங்க" என்றார் டெஸ்.

"நீங்க முடிங்க. நான் உட்கார்றேன்."

"அதைக் கீழ வைங்களேன், கனமா இருக்குமே."

"ஒன்பது கிலோ. கீழ வைக்கிறதில்ல."

டெஸ் வெள்ளத்துக்குத் திரும்பப் பார்த்தார். ஆனால் எண்பத்தொரு வயதுக் கைகள் அவர் மூக்குக்கு நேரே நடுங்கிக்கொண்டிருந்தன. சபை முழுவதும் அந்தக் கைகளைத்தான் பார்த்தது. "ஏய் டெஸ், போதும்யா!" என்று ஒரு குரல் வந்தது. லோர்னா அத்தையின் குரல் என்றுதான் நினைக்கிறேன். டெஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சட்டப்படி வாசித்தே தீரவேண்டிய அமைச்சரின் செய்தியை எடுத்து மூச்சுவிடாமல் வாசித்தார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் வாசித்து நான் கேட்டதில்லை.

பத்து ஐம்பத்து மூன்று. கடவுள் பெயரால் எடுக்கும் ஐந்து பேர் முதலில் மேடைக்கு வந்தார்கள். டோலினா புத்தகத்தை ஏந்தி நிற்க, ஒரு பக்கம் நோரீன் தாங்கிக்கொண்டார். ஃபின்லே அதன்மேல் வலது கையை வைத்தார்.

"இந்த நேரம் முதற்கொண்டு" என்றார் டெஸ்.

"இந்த நேரம் முதற்கொண்டு" என்றார்கள் நான்கு பேர்.

நான்கு வரியும் அப்படியே முடிந்தது. மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். ஃபின்லேயின் வாய் மட்டும் திறக்கவே இல்லை.

"ஃபின்லே, நீ சொல்லலியே. சொன்னாத்தான் செல்லும்" என்று டெஸ் கிசுகிசுத்தார். அது ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஃபின்லே தலையை ஆட்டினார். தொண்டையைச் செருமினார். ஒன்றும் வரவில்லை. கை மட்டும் அந்தக் கறுப்பு அட்டைமேல் விரிந்து கிடந்தது. பத்து ஐம்பத்தேழு. டோலினா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேலிக்கில் ஏதோ சொன்னார். திட்டுகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். என்ன சொன்னார் என்பதைப் பல வாரம் கழித்து ஃபின்லேதான் என்னிடம் சொன்னார்.

"டேய், அன்னிக்கு அப்பா கரைக்கு வந்தாரு. சுவருக்குப் பின்னால நின்னு படகு மறையற வரைக்கும் பார்த்தாரு. ஞாயித்துக்கிழமைங்கறதால கை ஆட்டல. அவ்வளவுதான்."

ஃபின்லே சிரித்தாரா அழுதாரா என்று மேடைக்கு அருகில் நின்ற என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஏதோ ஒரு சத்தம் வந்தது. அதோடு தொண்டையும் திறந்துகொண்டது. இந்த நேரம் முதற்கொண்டு, கடவுளின் கீழ், இந்த நாட்டுக்கும் இதன் மக்களுக்கும் என் விசுவாசத்தை அளிக்கிறேன் என்று தனியாளாக, தீயணைப்பு வண்டிமேல் நின்று கட்டளையிடும் குரலில் கடைசி வரிவரை சொல்லி முடித்தார். கூரைத் தகரம் அதிர்ந்தது.

"என்ன மணி?" என்றார் நோரீன்.

"பதினொண்ணு ஆக ஒரு நிமிஷம்" என்று சபையிலிருந்து ஐம்பது பேர் கத்தினார்கள். அதற்குள் விஷயம் எப்படியோ எல்லா வரிசைக்கும் போயிருந்தது. அப்படி ஒரு கைதட்டலை அந்த மண்டபம் கால்பந்துக் குழு ஜெயித்த வருஷத்தில்கூடக் கேட்டதில்லை.

டோலினா புத்தகத்தைக் கம்பளத்தில் சுற்றினார். முடிச்சுப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நொடியிலிருந்து அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. டெஸ் கையை நீட்டிக்கொண்டு வந்து, "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றார்.

"திங்கக்கிழமை எடுக்கலாம்."

வெளியே சாசேஜ் சுடும் வாசனை வந்தது. இன்று சமைத்ததைத் தொடமாட்டேன் என்று டோலினா சொல்லிவிட்டார். தேங்காய்ப்பூ தூவிய லாமிங்டன் கேக்கை நான் நீட்டியபோது, "எப்போ செஞ்சது?" என்று கேட்டார்.

"நேத்து."

நான்கு சாப்பிட்டார். டெஸ் ஒரு மூலைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கங்களைப் பற்றி விசாரித்தார். அச்சு இயந்திரத்தின்மேல் பழியைப் போட்டேன்.

அமர்க்களத்தில் ஃபின்லே தன் குடியுரிமைச் சான்றிதழை மேஜையிலேயே விட்டுப் போய்விட்டார். மறுநாள் விடுமுறை. காலை பத்து மணிக்கு அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று பேரும் சமையலறை மேஜையைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டில் வேகவைத்து ஆறிப்போன உருளைக்கிழங்கு. அடுப்பில் கெட்டில் காலியாக இருந்தது. கழுவாத பாத்திரம் தொட்டி நிறையக் கிடந்தது.

"டீ குடிக்கிறீங்களான்னு கேட்பேன் கிளெனிஸ். ஆனா இந்த வீட்ல பதினொண்ணு வரைக்கும் ஞாயித்துக்கிழமை" என்றார் நோரீன். "நேத்து ராத்திரி சோறு இல்ல. இன்னிக்குக் காலையிலயும் இல்ல. இந்த யோசனையைச் சொன்ன வாயை நான்தான் உதைக்கணும்."

"ஓய்வுநாள்ல வேலைக்காரங்ககூட வேலை செய்யக்கூடாது. தபாலும் பிரிக்கக்கூடாது" என்றார் டோலினா, என் கையிலிருந்த உறையைப் பார்த்து. "அதை அங்கேயே வச்சுட்டு உட்காரு."

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபின்லே உருளைக்கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். உப்பு இல்லை. ஆனாலும் பசிக்கு நன்றாகவே இருந்தது.